ராஜா கைக்கு ஒரு பிடி

ஆகஸ்ட் 12, செவ்வாய்.
இன்றைய தவறு: வாள்பிடியின் இரண்டு பாதிகளுக்கும் ஒரே அட்டையை வைத்துக் கோடு போட்டேன். இரண்டாவது பாதிக்கு அட்டையைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். திருப்பவில்லை. வெட்டி முடித்துச் சேர்த்துப் பார்த்தால், ஒரே காலுக்கு இரண்டு செருப்பு வாங்கியதுபோல் நின்றன. ஒரு துண்டு மரம் வீண். கவனக்குறைவா அறிவுக்குறைவா என்று இன்னும் தெரியவில்லை.

எழுதி முடித்து நோட்டை மூடிய பிறகும் டேப்புக்குத் திருப்தி இல்லை. மறுபடி திறந்து, 'தெரியவில்லை' என்பதற்குப் பக்கத்தில் சின்னதாக 'இரண்டும்' என்று எழுதிவிட்டு மூடினாள்.

டேப்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இடுப்பில் எப்போதும் ஓர் அளவு டேப்பைச் செருகிக்கொண்டு திரிகிற பெண்ணுக்கு ஊரார் வேறு என்ன பெயர் வைப்பார்கள். பகலில் அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கை அளப்பாள். ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பாள். மனித முகத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்கிற ரகசியம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு எதன்மேலும் முழு நம்பிக்கை கிடையாது, தன்மேல் சுத்தமாகவே கிடையாது. மாலையில் தச்சு வகுப்பு. அங்கே மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். கதவைச் சரியான நேரத்துக்குப் பூட்டுவது ஒன்றே அவருடைய கலை. "தினமும் என்ன தப்பு பண்ணீங்கன்னு எழுதிட்டுப் போங்க, எனக்கு வேலை மிச்சம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மற்றவர்கள் வாரம் ஒரு வரி எழுதினார்கள். டேப்பு இரண்டாவது நோட்டில் இருந்தாள்.

தச்சு வகுப்பில் ஸ்டூலும் புத்தக அலமாரியும் செய்ய வேண்டியவள் வாள்பிடி செய்யப் போனதற்குக் காரணம் அவளுடைய அப்பா. அவர் ஒரு ராஜா.

நிஜத்தில் அவர் வரி அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். யாரோ எழுதிய காகிதத்தில், யாரோ கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே, யாரோ சொன்னபோது குத்துவார். வேலைக் காலம் முழுக்க 'சரிங்க சார்' என்ற ஒரே வசனத்தைப் பேசியே ஓய்வு பெற்றார் என்று அம்மா சொல்வாள். இந்த வருடம் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் ஒரு ராஜா நாடகம் போடுவதாக முடிவு செய்தபோது, எல்லோரிலும் உயரமானவர் என்ற ஒரே தகுதியில் ராஜா வேஷம் அவருக்குக் கிடைத்தது. அன்று முதல் மனிதர் நடக்கிற நடையே மாறிவிட்டது. லிஃப்டுக்குக் காத்திருப்பதைக்கூடப் படையெடுப்புக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தார்.

நாடகத்தை எழுதி இயக்கியது மாமா, அம்மாவின் தம்பி. தொழில் பல்செட் கட்டுவது. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது தன் கைவண்ணம் என்பது அவருடைய பெருமை. ராஜா வேஷத்தைத் தனக்காகத்தான் எழுதினார் என்பதும், தான் குள்ளம் என்பதை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வாளும் அவர் தபாலில் வரவழைத்ததுதான். மொட்டை விளிம்பு, பளபளப்பான இரும்பு, அந்தக்கால வாளைப் பார்த்து அச்சடித்த போலி. பிடி மட்டும் கறுப்புச் சாயம் பூசிய பிளாஸ்டிக்.

போன ஞாயிற்றுக்கிழமை, கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒத்திகை நடந்தது. "என் நிழல்கூட எவனுக்கும் குனியாது" என்று அப்பா வாளை ஓங்கினார். ஓங்கிய கை வந்தது, வாள் வரவில்லை. அது தன் வழியில் பறந்துபோய்த் தூணில் மோதி, யாருடைய ஸ்கூட்டரின் முன்கூடையிலோ தலைகுப்புற இறங்கியது. எடுத்துப் பார்த்தபோது பிடி இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த இரும்புக் கம்பி எலி வால்போல் நீட்டிக்கொண்டிருந்தது.

"பிடி உடைஞ்சுது, அதான் நழுவிடுச்சு" என்றார் அப்பா.

"நழுவிச்சு, தூண்ல அடிச்சுது, அதான் உடைஞ்சுது" என்றார் மாமா.

"நான் பிடிச்சிட்டிருந்தேன் மச்சான். எனக்குத் தெரியாதா."

"பிடிச்சிட்டிருந்தா ஏன் அத்தான் பறக்குது? போன வாரமும் பறந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் கேட்டா கை வேர்த்திடுச்சுன்னீங்க. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்."

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், தெரியுமில்ல?"

"அது வல்லவனுக்கு. உங்க கையில ஆயுதமே புல்லா ஆயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். எதிரி ராஜாவாக நடிக்கும் எலக்ட்ரீசியன்தான் அதிகம் சிரித்தான். வாள் பறந்த திசைக்குப் பக்கத்தில் நின்றவன் அவன். உயிர் பிழைத்த சிரிப்பு அது. மாமா சிரிக்கவில்லை. அப்பாவைத் தனியாக அழைத்துப் போகிறேன் என்று இரண்டடி நகர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அத்தான், மனசுல வச்சுக்காதீங்க. அமைச்சர் வேஷம் தரேன். அமைச்சருக்கு வாள் கிடையாது. பக்கத்துல நின்னு தலையாட்டினாப் போதும்."

அப்பா அந்த ஸ்கூட்டரையே பார்த்தார்.

"ஆபீஸ்ல ஆட்டினது போதாதா மச்சான்" என்றார். வசனம்போல் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னார்.

டேப்புக்கு அது தாங்கவில்லை. யோசித்துப் பேசுகிறவள், அன்று யோசிக்காமல் பேசிவிட்டாள். "பிடி நான் செஞ்சு தரேன் மாமா. அப்பா கை அளவுக்கே செஞ்சு தரேன். வியாழக்கிழமை ஒத்திகைக்கு வந்துடும்."

"வியாழக்கிழமை வாள் கையில நின்னா அவர் ராஜா" என்றார் மாமா. "நிக்கலேன்னா, வேற வழியில்ல, கஷ்டத்தோட கஷ்டமா நானே நடிக்க வேண்டியதுதான்." அந்தக் கஷ்டத்துக்கு அவர் தயாராக இருந்தது முகத்தில் தெரிந்தது.

பிடியைக் கை அளவுக்குச் செய்ய வேண்டுமென்றால் முதலில் கையின் அளவு வேண்டும். வெறும் நீள அகலம் போதாது. விரல்கள் எங்கே உட்காரும், உள்ளங்கை எங்கே அமுங்கும் என்று பிடித்த பிடியின் அச்சே வேண்டும். அதற்கும் மாமாதான் வழி. பல் அச்சு எடுக்கும் மாவு அவரிடம் டப்பா டப்பாவாக இருந்தது. வெள்ளை ஒரு உருண்டை, நீலம் ஒரு உருண்டை. சேர்த்துப் பிசைந்தால் சற்று நேரத்தில் ரப்பராக இறுகிவிடும்.

"பொக்கை வாய்க்கு வச்சிருக்கறதை ராஜா கைக்குக் கேட்கறே" என்றபடியே கொடுத்தார். "இறுகறதுக்குள்ள பிடிக்கச் சொல்லு. உங்கப்பா அதுக்குள்ள வசனம் பேச ஆரம்பிச்சிடுவாரு."

வீட்டில் டேப்பு மாவைப் பிசைந்து, இரும்புக் கம்பி கனத்துக்கு ஒரு பென்சிலை நடுவில் செருகி, சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதை இடது கையில் வாங்கிக்கொண்டு நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"அப்பா, இங்கேயே பிடிக்கலாமே."

"எனக்கு ஒரு மனநிலை வரணும்மா. ஆளுங்க பார்த்துட்டிருந்தா வராது."

அம்மா ஈரத் துணியை உதறியபடி குளியலறைக் கதவை ஒரு பார்வை பார்த்தாள். "ராஜாக்கள் எல்லாம் அங்கதான் அளவு கொடுப்பாங்கபோல" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்தபோது ஆழமான பிடி ஒன்று வெளிர்நீலத்தில் அவர் கையில் இருந்தது. நான்கு விரலும் கட்டை விரலும் அழுத்தமாக, நகத்தின் விளிம்புகூடத் தெரியும்படி. "என்ன பிடி பார்த்தியா" என்றார். டேப்புக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்தக் கையையா சந்தேகப்பட்டார் மாமா.

செவ்வாய்க்கிழமை கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அளந்தாள். உருண்டையின்மேல் பட்டை பட்டையாகக் கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கனம், பள்ளம், மேடு எல்லாவற்றையும் காலிப்பர் என்கிற கவ்வுமானியால் எடுத்து எழுதினாள். எழுதியதைச் சரிபார்த்தாள், சரிபார்த்ததையும் சரிபார்த்தாள். அதற்குப் பிறகுதான் அந்தச் செருப்புத் தவறு நடந்தது. புதன்கிழமை புதிய துண்டில் இரண்டாவது பாதியை வெட்டி, கம்பி உட்கார நடுவில் வாய்க்கால் குடைந்து, அரத்தால் விரல் பள்ளங்களை இறக்கினாள். பிடிக்கு மேலே கையைக் காக்கிற குறுக்குக் கட்டையை முதலில் மாட்டிவிட்டுத்தான் பிடியை ஒட்ட வேண்டும் என்பதைத் தாளில் பெரிதாக எழுதி முன்னால் ஒட்டி வைத்திருந்தாள். அந்தத் தவறை மட்டும் செய்யவில்லை. பசை பூசி, இரண்டு பாதியையும் சேர்த்து, கிளாம்புகளால் இறுக்கினாள். வழிந்த பசையைத் துடைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுவே அவளைக் கவலைப்பட வைத்தது.

கிளாம்பைக் கழற்றியதும் தன் கையில் பிடித்துப் பார்த்தாள். எங்கோ இடித்தது. கட்டை விரல் மேட்டில் ஏறி நின்றது; விரல்கள் பள்ளத்தைத் தேடி அலைந்தன. நம்ம கை சின்னது, அப்பா கை பெரியது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். மூக்கை அளக்கிறவள் அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை அல்லவா.

பக்கத்து மேசையில் கேக்குக்காரி தன் மகளுக்கு ஒரு பொம்மை வீடு செய்துகொண்டிருந்தாள். பேக்கரியில் கேக்குக்குப் பூவேலை செய்பவள். "குடு பார்ப்போம்" என்று வாளை வாங்கிப் பிடித்தாள். "அய்ய, என்னமா செஞ்சிருக்கே. எனக்குன்னே செஞ்ச மாதிரி கைக்குள்ள உக்காருது."

"நிஜமாவா?"

"பொய் சொல்ல எனக்கு நேரமில்ல. கூரை ஒட்டணும்." வாளை வைத்துவிட்டு, இடது கையில் பிரஷ்ஷை எடுத்துப் பசை பூசப் போய்விட்டாள்.

டேப்பு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்த நேரத்தில் ஒன்றையாவது பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் நிம்மதி அவளுக்கு அபூர்வமாகக் கிடைப்பது, கிடைத்தபோது அனுபவித்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை கார் நிறுத்துமிடத்தில் மாமா முன்கூட்டியே வந்து, தலைக்கு ஏற்றபடி கிரீடத்தின் பின்பக்க ரப்பரை இறுக்கிக்கொண்டிருந்தார். சும்மா பார்க்கிறேன் என்றார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் நாடகப் பிரதியோடு உட்கார்ந்திருந்தாள். வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. டேப்பு துணியைப் பிரித்து வாளை எடுத்தாள். தேய்த்து எண்ணெய் பூசிய மரப்பிடி விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. மாமாவே ஒரு கணம் கிரீடத்தை மறந்தார்.

"வேலைன்னா இது வேலை டேப்பு. அத்தான், இனிமே சாக்குக் கிடையாது."

அப்பா மேலங்கியை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். வலது கையை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி வாளை வாங்கினார். அது அவர் கைக்குள் போய் அப்படியே பொருந்தியது. நழுவுகிற பேச்சே இல்லை.

"ஆரம்பிங்க" என்றார் மாமா, ஏதோ சரியில்லை என்ற முகத்தோடு.

எலக்ட்ரீசியன் வெள்ளித் தாள் சுற்றிய மரவாளோடும் தகரக் கேடயத்தோடும் எதிரே வந்தான். ஒரு மாதமாக அவன் பழகியிருந்தது ஒரு பக்கத்திலிருந்து வரும் வெட்டுக்கு. அது வந்தது மறுபக்கத்திலிருந்து. கேடயம் காற்றைத் தடுத்தது. வாள் அவன் காதைத் தடவிக்கொண்டு போனது. இரண்டாவது வெட்டில் அவனுடைய தலைக்கவசம், அது அவன் வீட்டுப் பாத்திரம், கழன்று கார்களுக்கு நடுவே உருண்டது. மூன்றாவதில் அப்பாவே ஒரு சுற்றுச் சுற்றி, தன் மேலங்கியைத் தானே குத்தித் தூணோடு சேர்த்து நிறுத்தினார்.

"அண்ணே, நான் இந்தப் பக்கம் சாவறதுக்கு ரெடியா நிக்கறேன். நீங்க அந்தப் பக்கமா வந்து கொல்றீங்க" என்றான் எலக்ட்ரீசியன்.

"அத்தான், எந்தக் கையில பிடிச்சிருக்கீங்க?" என்றார் மாமா.

அப்பா வாளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அது யாருடைய கை என்பதுபோல.

"இடது கைதான். என்ன பண்றது மச்சான். பாப்பா தெரியாம இடது கைக்குச் செஞ்சுட்டா. சின்னப் பொண்ணு, ராப்பகலா உழைச்சிருக்கா. தப்புன்னு சொன்னா மனசு கஷ்டப்படும். அதான் சொல்லாம சமாளிச்சேன்."

அம்மா பிரதியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அப்பாவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிரதியில் வசனம் எழுதியிருக்கவில்லை.

டேப்புக்குக் காது சூடாகியது. உடனே நம்பிவிட்டாள். நம்பாமல் எப்படி? செவ்வாய்க்கிழமை அட்டையைத் திருப்ப மறந்தவள்தானே. புதன்கிழமை திருப்பக் கூடாததைத் திருப்பியிருப்பாள். கேக்குக்காரியின் இடது கை இப்போதுதான் கண்முன் வந்து நின்றது. எல்லாம் பொருந்தி வந்தது.

"அடிப்பாவி டேப்பு" என்றார் மாமா. "மூக்கை அளந்து அளந்து கை எந்தப் பக்கம்னு மறந்துபோச்சா? நல்ல வேளை நீ பல்செட் கட்ட வரலே. மேல் பல்லைக் கீழ வச்சு அனுப்பியிருப்பே."

எங்கே திருப்பினோம் என்று கண்டுபிடிக்காமல் அவளால் இருக்க முடியாது. பைக்குள் கையை விட்டு, நீல உருண்டையை எடுத்தாள். வாளை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பள்ளத்துக்குப் பள்ளம், மேட்டுக்கு மேடு, இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவள் எதையும் திருப்பவில்லை. உருண்டையை வலது கையில் பிடித்தாள்: இடித்தது. இடது கையில் பிடித்தாள். உட்கார்ந்துகொண்டது.

நிமிர்ந்தபோது அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலங்கிக்குள் இருந்த வலது கை அசையவில்லை.

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பாட்டில் மூடியைத் திறக்கச் சொல்லித் தன்னிடம் நீட்டி, 'கை பழகட்டும்' என்பார். சாமான் பட்டியலை வாயால் சொல்லி அவளையே எழுத வைப்பார். தாழ் போட்ட குளியலறை. ராஜாவுக்கு மனநிலை வர வேண்டியிருந்தது. ஓங்கிய கை வந்தது, வாள் வரவில்லை.

"என்ன, கண்டுபிடிச்சியா? எங்க தப்பு?" என்றார் மாமா.

உருண்டையை அவள் பைக்குள் போட்டாள்.

"என் தப்புதான் மாமா" என்றாள். "கண்ணாடியில பார்த்த மாதிரி திருப்பி வெட்டிட்டேன். நோட்டுல எழுதிக்கறேன்."

"எழுதிக்க, எழுதிக்க. ஆனா நாடகம் ஞாயித்துக்கிழமை. இடது கைச் சண்டையை இப்ப எவன் பழகறது? இவன் நிஜமாவே செத்துருவான்." மாமா பெருமூச்சு விட்டார், துக்கத்தின் சாயல் கொஞ்சமும் இல்லாத பெருமூச்சு. "சரி, பேச்சு பேச்சுதான். அத்தான், அங்கியைக் கழட்டுங்க. அமைச்சர் தாடி அந்தப் பையில இருக்கு." கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ரப்பர் சரியாக இறுகியிருந்தது.

அப்பா அங்கியின் முடிச்சில் இடது கையை வைத்தார். வைத்தது வைத்தபடி நின்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று எந்த விஷயத்திலும் நிற்கிறவர். சொன்ன பொய்யைத் திரும்ப எடுத்த வழக்கமே இல்லை. டேப்பு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிஜமாகவே பேனாவைத் திறப்பதைப் பார்த்தார்.

"மச்சான், கிரீடத்தைக் கழட்டு" என்றார்.

"ஏன், கோணலா இருக்கா?"

"அவ பொய் சொல்றா. எழுத வேற போறா. முதல்ல அந்த நோட்டை மூடச் சொல்லு." அப்பா மேலங்கிக்குள் இருந்து வலது கையை வெளியே எடுத்தார். "உங்கிட்ட அந்த மாவு இருக்கா?"

மாமாவின் பையில் அது இல்லாமல் இருக்காது. யாருக்கு எப்போது பல் விழும் என்று சொல்ல முடியுமா. டேப்புதான் பிசைந்தாள். அவசரத்தில் நீலம் திட்டுத் திட்டாகவே நின்றது. எலக்ட்ரீசியன் தன் பாத்திரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அப்பா எல்லோருக்கும் நடுவில், ஒரு காரின் முன்பக்கத்தில் முழங்கையை ஊன்றி, வலது கையால் உருண்டையைப் பிடித்தார். கட்டை விரல் மடங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கின. மோதிர விரலும் சுண்டு விரலும் கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமல் கோபித்துக்கொண்ட இரண்டு சம்பந்திகள்போல் விறைத்து நின்றன.

"அமுக்கிப் பாருங்க" என்றார் மாமா.

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மாவு இறுகுகிற வரைக்கும் ராஜா அந்த இரண்டு விரலோடு எல்லோர் முன்னாலும் நின்றார்.

"எவ்வளவு நாளா?" என்றார் மாமா.

"கடைசி வருஷமே ஆரம்பிச்சிடுச்சு. முத்திரை குத்திக் குத்தி. சொன்னா சீட்டை மாத்திடுவாங்கன்னு சொல்லலை. அப்புறம் அப்படியே சொல்லாமலே போயிடுச்சு."

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"தினம் காலையில சட்டைப் பட்டன் யார் போட்டு விடறாங்கன்னு நினைச்சே?" என்றாள் அம்மா. "சொல்லாதேன்னாரு, சொல்லலை. பெத்த பொண்ணு மேல பழியைப் போடுவாருன்னு தெரிஞ்சிருந்தா மைக்குல சொல்லியிருப்பேன்."

மாமா கிரீடத்தைக் கழற்றினார். தலையில் ரப்பரின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. இறுகிய உருண்டையை அப்பா கையிலிருந்து பக்குவமாகப் பிரித்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில்காரனின் பார்வை, அதில் கேலி இல்லை.

"ஏன் அத்தான்" என்றார், "தினமும் எத்தனை பேரு என் முன்னாடி வந்து உக்காந்து பொக்கை வாயைத் திறக்கறாங்க. மில் முதலாளி திறக்கறாரு, போலீஸ்காரரு திறக்கறாரு. நீங்க ஒரு கையைத் திறக்கறதுக்கு இவ்வளவு நாளா?"

"வாய் வேற, கை வேற."

"ஆமா, வேறதான். வாயைத் திறந்தா நாத்தத்துல எதிர்ல நிக்க முடியாது." உருண்டையை டேப்பிடம் கொடுத்தார். "மூணு விரல் பிடிச்சிருக்கு. ரெண்டு விரலு சும்மா கிடக்குது. அதுங்களுக்கு ஒரு திண்டு மாதிரி கொடுத்தா சாஞ்சுக்கும், பிடி சுத்தாது. முடியுமா?"

டேப்பு உடனே முடியும் என்று சொல்லவில்லை. உருண்டையைத் தன் வலது கையில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அப்பாவின் வலது கையைப் பிடித்து, விறைத்த இரண்டு விரலையும் தொட்டு, எவ்வளவு தூரம் வருகின்றன என்று தள்ளிப் பார்த்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வலிக்குதாப்பா?"

"ராஜாவுக்கா?" என்றார் அவர். பிறகு, "கொஞ்சம்" என்றார்.

"பழைய பிடியை உடைச்சுத்தான் எடுக்கணும்" என்றாள் டேப்பு மாமாவிடம். "புதுசு செய்யலாம். பார்க்க அழகா இருக்காது. வெளியே தெரியும்."

"தெரியட்டும்" என்றார் அப்பா.

"நான் வேணா முதல் வெட்டுலயே செத்துடறேண்ணே" என்றான் எலக்ட்ரீசியன். "எனக்கும் வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம்."

"ரெண்டாவது வெட்டுல சாவு" என்றார் மாமா, பிரதியை அக்காவிடமிருந்து வாங்கி, சண்டைப் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தபடி. "முதல் வெட்டுல செத்தா ஜனங்க காசைத் திருப்பிக் கேட்பாங்க."

"இலவச நாடகம்தானே" என்றாள் அம்மா.

"அதுக்குத்தான் பயம். காசு வாங்கலேன்னா இன்னும் கேட்பாங்க." மாமா கிரீடத்தை அப்பா தலையில் வைக்கப் போனார். எட்டவில்லை. அப்பா குனிந்தார். "நிழல்கூடக் குனியாதுன்னீங்களே அத்தான்" என்றார் மாமா, ரப்பரைத் தளர்த்திக்கொண்டே.

"நிழல் எங்கயாவது குனியுதா பாரு. நான்தான் குனியறேன். சீக்கிரம் மாட்டு."

வீட்டுக்கு வந்ததும் டேப்பு நோட்டைத் திறந்தாள். இன்றைய தவறு என்று எழுதி, கேக்குக்காரி எந்தக் கையால் பிடித்தாள் என்று பார்க்காததை எழுதினாள். அப்பா சமையலறையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

"மூடி திறக்க வரலை" என்றார். கை பழகட்டும் என்று சொல்லவில்லை. திறந்து கொடுத்தாள். அவர் போன பிறகு அடுத்த வரியை எழுதினாள்.

நாளை, வெள்ளி: பிடியின் அடியில் உள்ள குமிழைக் கழற்றி, உளியால் பழைய பிடியைப் பிளந்து, கம்பியில் ஒட்டிய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். வலது கைக்குப் புதிய மரம். கடைசி இரண்டு விரலுக்குச் சாய்ந்த திண்டு. ஒட்டுவதற்கு முன் அப்பாவை வகுப்புக்கு வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் பிடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.